விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம்

நைட் டியூட்டி முடிந்து வந்து அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கான தேர்வான என்கிளெக்ஸுக்குப் படிக்க உட்கார்ந்தேன். இன்று டிகாக்ஸின் என்ற இதய மருந்து. மாத்திரை கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெத் வைத்து முழுசாக ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே என்றால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கியே பழகிய கை இது! துடிப்பு ஒழுங்கில்லாதவர்களிடம் அந்தக் கணக்கு உதைக்கும்.

கோட்டை விட்டது வேறு கேள்வியில். டிகாக்ஸினோடு, சிறுநீரைப் பெருக்கிப் பொட்டாசியத்தை இறக்கும் ஃபுரோசமைடு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும் பாட்டி, பசியே இல்லை, விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்கிறார். நான் கண் டாக்டரிடம் அனுப்பிவிட்டேன். பொட்டாசியம் இறங்கினால் டிகாக்ஸின் நஞ்சாகும், இவைதான் அதன் அறிகுறி என்று காலேஜில் உருப்போட்டதெல்லாம் எங்கே போனதோ.

அப்புறம், என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தேன். 88. காபியோடு வந்த அம்மா, "யாருக்குடி நாடி பார்க்கிற?" என்கிறாள்.