அம்மைக்குப் பின் அக்கி

சுங்கை சிப்புட் வீட்டில் ஒரு வாரமாக அம்மாவுக்கு அக்கி. இடுப்பில் இடப்பக்கம் மட்டும், பட்டை போட்டதுபோல் கொப்புளங்கள். பல்லி எச்சம் பட்டிருக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போனார். பல்லி பாவம்.

10 வயதில், தோட்டத்து லயத்தில், சின்னம்மை கண்டு அம்மா வேப்பிலையில் படுத்திருந்தாரே, அதே வைரஸ்தான் இது. அப்போதே முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குப் போய்விட்டது. அங்கே அது பிடித்த இடம் செல்லின் உட்கரு. இந்த ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸின் கூடு பெரிது, உட்கருவின் துளையில் நுழையாது. அதனால் கூட்டை வாசலில் விட்டு, டிஎன்ஏவை மட்டும் உள்ளே தள்ளும். அந்த டிஎன்ஏ வளையமாகி, நம் டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களையே போர்த்திக்கொண்டு தூங்கும். எச்ஐவி நம் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும், இது ஒட்டிக்கொள்ளாது. டிங்கி வேறு ரகம், உட்கருவுக்கு வெளியிலேயே பெருகிவிடும்.

வயதாகி எதிர்ப்புச் சக்தி இறங்கினால் எழுந்து, அதே நரம்பு வழியாகத் தோலுக்கு வரும். பட்டைக்குக் காரணம் அதுதான்.

"58 வருஷமா உள்ளேயா இருந்துச்சு?" என்றார் அம்மா.

ஆமாம்மா.

மருந்தை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லதாம். நாங்கள் போனது நான்காம் நாள். பல்லியால் வந்த தாமதம்.