வருடத்துக்கு ஒருமுறை என்று யார் சொன்னது?

முதல் சொட்டு விழுந்தபோது பல்லியின் வேலை என்றுதான் நினைத்தேன்.

அடுப்பிலிருந்த பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சந்தலையில் வெதுவெதுப்பாக ஏதோ விழுந்தது. அங்கே முடி விடைபெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டதால் நடுவில் தடுக்க யாரும் இல்லை, நேராகத் தோலில்தான் இறங்கியது. தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுவென்று இருந்தது. இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் நூல் இழுத்தது. அண்ணாந்து பார்த்தேன். சிம்னியின் விளிம்பில் கருந்தேன் நிறத்தில் அடுத்த சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"நான் போன மாசமே சொன்னேன், சிம்னியைக் கழுவணும்னு" என்றாள் மனைவி. அவள் சொன்னது உண்மைதான். அதற்கு முந்தின மாதமும் சொன்னாள்.

"வருஷத்துக்கு ஒரு தடவைதான் கழுவணும். நான் படிச்சிருக்கேன்."

"எங்க படிச்சீங்க?"

படித்ததென்னவோ நிஜம். சிம்னி மாட்டிய முதல் வாரமே, எத்தனை நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்று தேடிப் படித்துவிட்டேன். அமெரிக்காவில் என்எஃப்பிஏ 211 என்று ஒரு தீப் பாதுகாப்புத் தரநிலை இருக்கிறது. புகைபோக்கிகளை வருடத்துக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. எண்ணெல்லாம் போட்டுச் சொல்கிறார்களே, இதைவிட என்ன வேண்டும் என்று அன்றோடு தேடலை நிறுத்திக்கொண்டேன். யார் கேட்டாலும் 211 என்பேன். எதிரே இருப்பவர் அடங்கிவிடுவார்.

மகள் போனை வாங்கி முழுவதையும் படித்தாள். "அப்பா, இது விறகு எரிக்கிற கணப்புக்கு மேல செங்கல்ல கட்டியிருப்பாங்களே, அந்தச் சிம்னிப்பா. நம்ம வீட்டுல விறகா எரியுது?"

விறகுப் புகை மேலே போகும்போது குளிர்ந்து, புகைபோக்கியின் உட்சுவரில் கிரியோசோட் என்ற கரிப்பிசினாகப் படியும். முதலில் உதிரும் கரியாக இருக்கும். கவனிக்காமல் விட்டால் தார் மாதிரி இறுகிப் பளபளக்கும். அது தீப்பிடித்தால் புகைபோக்கியே கொழுந்துவிட்டு எரியும். அதனால் எட்டில் ஒரு அங்குலம், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர் படிந்தாலே வழித்தெடுக்கச் சொல்கிறார்கள். வருடம் ஒருமுறை என்பதும் சோதிப்பதற்குத்தான். சுத்தம் செய்வது படிவைப் பொறுத்தது. ஆக, தப்பான சிம்னியைப் பற்றிப் படித்து, அதையும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதுவும் சொல்லவில்லை. ஆனால் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டார். செய்தித்தாள் குலுங்கியது.

எங்கள் வீட்டில் இருப்பது மோட்டார் வைத்த சமையலறைச் சிம்னி. இதன் பகை கரி இல்லை, எண்ணெய். வாணலியிலிருந்து ஆவியோடு கிளம்பும் எண்ணெய்த் துளிகளை உள்ளே இழுக்கும். வளைந்த தகடுகளால் ஆன ஃபில்டர் வழியாகக் காற்று வளைந்து திரும்பிப் போகும். திரும்ப முடியாத எண்ணெய் தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை களம் இறங்கினேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இதை மட்டும் யாரும் சொல்லாமலே செய்தேன்), அடுப்பின் மேல் பழைய செய்தித்தாள் விரித்து, ஸ்டூலில் ஏறி, ஃபில்டரின் கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். 'சரக்' என்று கையோடு வந்தது, வந்த வேகத்தில் பின்பக்கம் எதுவோ தளும்பும் சத்தமும் கேட்டது.

அங்கே ஒரு கிண்ணம் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எண்ணெய் சேரும் கிண்ணமாம். விளிம்பு வரை நிரம்பி, மேலே ஆடை கட்டி நின்றது.

இதற்குக் காரணமும் நான்தான். எங்கள் சிம்னியில் 'ஆட்டோ கிளீன்' பொத்தான் உண்டு. அழுத்தினால் உள்ளே ஒரு சூடேற்றி, காற்றாடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உருக்கும். உருகியது கிண்ணத்தில் வடியும். வாராவாரம் பெருமையோடு அந்தப் பொத்தானை அழுத்தி, "பாத்தியா, தானே கழுவிக்குது" என்று சொல்லி வந்தேன். உருகிய எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்வி எனக்கு ஒருநாளும் எழவில்லை. ஃபில்டரையோ வெளியே போகும் குழாயையோ அந்தப் பொத்தான் தொடுவதே இல்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. இவ்வளவு காலமாக நானே உருக்கி, நானே நிரப்பி, நானே தலையில் வாங்கியிருக்கிறேன்.

கிண்ணத்தைக் கழற்றும்போது லேசாகச் சாய்த்துவிட்டேன். எண்ணெய் நிதானமாக, அவசரமே இல்லாமல், என் முழுக்கைச் சட்டைக்குள் புகுந்து முழங்கை வரை போய்ச் சேர்ந்தது. கையை உயர்த்தினால் அக்குளுக்குப் போகும், தாழ்த்தினால் தரைக்குப் போகும். போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை நீட்டியபடி ஸ்டூலிலேயே நின்றேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, முதலில் தரைக்குத்தான் துணி போட்டாள்.

அடுத்தது, எதை ஊற்றிக் கழுவுவது. தம்பிக்குப் போன் செய்தேன். அவன் இந்த விஷயத்தில் அடிபட்டவன். அவன் வீட்டு ஃபில்டர் அலுமினியக் கம்பி வலை. அடைத்த குழாய்க்குப் போடும் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டிருக்கிறான். அது அலுமினியத்தையே அரிக்கும் சமாச்சாரம். நுரை பொங்கி, வலை அடுப்புக்கரி நிறத்தில் வெளியே வந்ததாம். "கறுப்புதான் அண்ணே இப்ப ஃபேஷன்னு அவகிட்ட சொன்னேன்" என்றான். நம்பினாளா என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டான்.

எங்களுடையது ஸ்டீல் என்பதால் பிழைத்தது. பெரிய டப்பில் நன்றாகச் சூடான வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், ஒரு கை சமையல் சோடா. அரை மணி நேரம் ஊறியதும் தண்ணீர் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தகட்டு இடுக்கெல்லாம் தேய்த்தேன். மூன்றாவது தண்ணீரில்தான் ஃபில்டர் வெள்ளியாகப் பளபளக்கும் என்ற உண்மையே தெரிந்தது. நான் அதைச் செம்பு நிறம் என்று நினைத்து வாங்கியதாக ஞாபகம்.

காயவைத்து மாட்டியாயிற்று. சொட்டு நின்றது. ஆனால் புகை மட்டும் அறைக்குள்ளேயே உலாவியது. சரி என்று சர்வீஸ்காரரைக் கூப்பிட்டோம்.

அவர் வந்து ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஃபில்டரில் வைத்துச் சிம்னியைப் போட்டார். இழுவை சரியாக இருந்தால் காகிதம் ஒட்டிக்கொண்டு நிற்குமாம். எங்கள் காகிதம் ஒரு நொடி யோசித்து, இலையுதிர்காலம் மாதிரி அசைந்து அசைந்து என் காலடியில் வந்து விழுந்தது. வெளியே போய்ப் பார்த்தார். குழாயின் வாயில் காற்று வரும்போது மட்டும் திறக்கும் மூடி ஒன்று இருக்கிறது. அது எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி, பூட்டுப் போட்ட கதவாகியிருந்தது. மடிப்பு மடிப்பான குழாய்க்குள்ளும் ஒவ்வொரு மடிப்பிலும் பிசுக்கு. குழாயையும் காற்றாடியையும் சுத்தம் செய்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை இதைச் செய்யணும்?" என்று கேட்டேன். அப்போதும் கடைசி நம்பிக்கை ஒன்று எனக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வருஷத்துக்கு ஒரு தடவை சார்."

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"அது நான் வர்றதுக்கு" என்றார் அவர். "குழாய், காற்றாடி எல்லாம் என் வேலை. ஃபில்டரும் கிண்ணமும் நீங்கதான் பாக்கணும். மாசம் ஒரு தடவை. நிறைய பொரிக்கிற வீடுன்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. கம்பி வலையா இருந்தா இன்னும் சீக்கிரம் அடைச்சுக்கும். கரி ஃபில்டர் வச்ச சிம்னின்னா அதைக் கழுவவே முடியாது, சில மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடணும்." சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்தார். "நாள் பாக்காதீங்க சார். கிண்ணத்தைப் பாருங்க."

அத்தை செய்தித்தாளை இறக்கினார். "நல்ல பிள்ளை. காபி சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றார்.

அன்றிலிருந்து காகிதத் துண்டுப் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் சிம்னியில் ஒட்டிப் பார்க்கிறாள். காகிதம் நின்றால் பேச்சில்லை. விழுந்தாலும் பேச்சில்லை, விழுந்த காகிதத்தை எடுத்து என் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடுகிறாள்.

இன்று கண்ணாடியை எடுத்தேன், காகிதம் இருக்கிறது. வெந்நீர் வைத்திருக்கிறேன்.