காதுக்குள் இடம் மாறிய படிகங்கள்

படுக்கையில் வலப்பக்கம் திரும்பினால் அறை சுழன்றது. அசையாமல் கிடந்தால் ஒரு நிமிடத்துக்குள் தானாக நின்றது. இடப்பக்கம் திரும்பினாலோ எதுவும் நடக்கவில்லை. கேள்விப்பட்டவர்கள் பித்தம் என்றார்கள், ரத்தம் குறைந்திருக்கும் என்றார்கள், கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும் என்றார்கள். ரத்தக் குறைவு வலம் இடம் பார்த்தா வரும் என்று நான் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வியையே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோனேன். விடையில் பாதி அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது என்றார் அவர்.

அவர் முதலில் விசாரித்தவை வேறு. பேச்சு குழறியதா, பொருள்கள் இரட்டையாகத் தெரிந்தனவா, கைகால் வலுவிழந்ததா, இதுவரை அறியாத கடுமையான தலைவலி வந்ததா, காது கேட்பது திடீரெனக் குறைந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இவற்றில் ஒன்று இருந்தாலும் நோயாளி போகவேண்டிய வழி வேறு; முதல் நான்கில் எதுவானாலும் அவசரப் பிரிவுக்கே போகவேண்டும் என்றார். எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் என்னைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரச் சொன்னார்.

தலையை வலப்புறம் 45 பாகை திருப்பி, அப்படியே வேகமாக மல்லாக்கச் சாய்த்து, கட்டிலின் விளிம்புக்கு அப்பால் தலை சற்றே தாழ்ந்து தொங்கும்படி இரு கைகளாலும் தாங்கிக்கொண்டார். கண்ணை மூடக்கூடாது என்பது கட்டளை. சில நொடிகள் ஒன்றும் நிகழவில்லை. பிறகு கூரை சுழலத் தொடங்கியது. என் கைகள் தாமாகவே கட்டிலின் ஓரத்தைப் பற்றிக்கொண்டன. அவரோ நான் சொல்வதைக் கேட்காமல் என் விழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ந்திருக்கும் காதை நோக்கி விழிகள் திருகித் துடிப்பதுதான், காதுப் படிகங்கள் இடம் மாறுவதால் வரும் இந்த நோயின் அடையாளம். எந்தக் காது, உள்காதின் எந்தக் குழல் என்பதை அந்தத் துடிப்பின் திசையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக் என்ற இருவர் 1952இல் விவரித்த சோதனை இது. படம் எடுக்கும் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை என்பது எனக்குச் சற்று நம்பமுடியாததாகவே இருந்தது.

காரணத்தை அவர் தாளில் வரைந்து காட்டினார். உள்காதில், தலை சாய்வதையும் நேர்க்கோட்டில் நகர்வதையும் உணரும் ஒரு சிறு பை இருக்கிறது. அதில் பசைபோன்ற ஒரு படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அளவே இருக்கும். வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, பல நேரங்களில் காரணமே தெரியாமலோ, இவற்றில் சில கழன்று, தலை திரும்புவதை உணர்த்தும் அரைவட்டக் குழல்களில் ஒன்றுக்குள் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலும் அது பின்புறக் குழலாகவே இருக்கும். தலையின் நிலை மாறும்போது படிகங்கள் குழலுக்குள் உருள, அங்குள்ள திரவமும் சேர்ந்து நகர, தலை அசையாமல் இருந்தாலும் சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகிறது. படிகங்கள் அடியில் தங்கியதும் சுற்றல் அடங்குகிறது. ஒரு நிமிடக் கணக்கும், வலப்பக்கக் கணக்கும் எனக்கு அப்போதுதான் விளங்கின.

தலைச்சுற்றல் மாத்திரைகள் உணர்வை மழுங்கச் செய்யுமே தவிரப் படிகத்தை நகர்த்தாது. அதற்கு ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் 1992இல் விரிவாக எழுதிய ஒரு முறை உண்டு. தலையைத் திருப்பிக் காதை குணப்படுத்துவதா என்று சக மருத்துவர்களே நெடுங்காலம் அவரை நம்பவில்லையாம். அந்த முறையின் முதல் நிலை, நான் சற்றுமுன் பட்ட அதே நிலைதான். வலப்புறம் தொங்கிய தலையைச் சுற்றல் அடங்கும்வரை அப்படியே வைத்திருந்து, பிறகு இடப்புறமாக 90 பாகை திருப்பி மீண்டும் காத்திருந்து, உடலையும் இடப்பக்கமாக உருட்டி மூக்கு தரையை நோக்கும்படி முகம் கவிழ்த்து இன்னொரு முறை காத்திருந்து, கடைசியில் மோவாயைத் தாழ்த்தியபடி எழுந்து உட்காரவேண்டும். வளைந்த பாதையில் சிறு குண்டை உருட்டிக் குழிக்குள் சேர்க்கும் விளையாட்டுப் பெட்டியைப் போல இங்கே தலையைத் திருப்புகிறார்கள். குண்டு மட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த அசைவுக்கு அஞ்சிக் கழுத்தை மரக்கட்டையாக வைத்திருந்தேனோ, அந்த அசைவின் வழியாகவே படிகங்கள் வெளியேறியாக வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இரண்டாம் நிலையில் சுற்றல் மறுபடி எழுந்தபோது, "நல்லது, நகர்கிறது" என்று அவர் சொன்னதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள அந்த நேரத்தில் முடியவில்லை.

வீடு திரும்பிய பின் இதைப் பற்றிப் படித்ததில் என்னைப் பிடித்து நிறுத்தியவர் ராபர்ட் பாரனி என்ற காது மருத்துவர். வியன்னாவில் நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது அவர்களுக்குத் தலைசுற்றி விழிகள் துடிப்பதையும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் ஒரு திசையிலும் சூடாக இருந்தால் எதிர்த் திசையிலும் துடிப்பதையும் அவர் கவனித்தார். எல்லா நோயாளிகளும் சொல்லிவந்த சாதாரணப் புகார் அது. உள்காது பற்றிய அவருடைய ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். தலையின் நிலையைப் பொறுத்து வரும் சுற்றலைப் பற்றியும் 1921இல் அவர் எழுதியிருக்கிறார்.

சுழற்சி நின்ற பிறகும் சில காலம் நடையில் ஒரு மிதப்பு இருந்தது. மூளை பழைய செய்திகளுக்குத் திரும்பப் பழகும்வரை இது இயல்பு என்றார்கள். இந்த நோய் மீண்டும் வரக்கூடியது. வைட்டமின் டி குறைவாக உள்ளவர்கள் அதை ஈடுசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று 2020இல் வெளியான ஒரு கொரிய ஆய்வு காட்டியிருப்பதால், என் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். அடுத்த முறை வந்தால் நானே வீட்டில் இதைச் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். எந்தக் காது, எந்தக் குழல் என்று முதலில் தெரியவேண்டும், கிடைமட்டக் குழலில் படிகம் விழுந்திருந்தால் இந்த முறை பயன்படாது, அதற்கு உருளும் விதமே வேறு, ஆகவே வந்து காட்டிவிட்டுச் செய்யுங்கள் என்றார்.