அத்தையின் பதிவேடு

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உள்ள மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் நான் பொறியாளராகச் சேர்ந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. வீடு கடலுக்கு அக்கரையில், பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் இருப்பதால், 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் காலை ஆறரைக்குள் ஏறியாக வேண்டும். கால் மணி நேரம் பிந்தினாலும் நெரிசலில் மாட்டிக்கொள்வேன். ஆகவே, மகன் கண்விழிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுவது என் வழக்கம்.

வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று புதிதாகச் சேரும் பெண்கள் கேட்பார்கள். எல்லாம் திட்டமிடலில்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லி வந்தேன். அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

மகன் 2016-இல் பிறந்தான். அன்றைய சட்டப்படி கிடைத்த மகப்பேறு விடுப்பு 60 நாள். அது முடிந்ததும் பிள்ளையை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு இயந்திரங்களிடம் திரும்பினேன். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து விடுப்பு 98 நாளாகியிருக்கிறது. தந்தைக்கும் ஏழு நாள் உண்டு. நல்ல மாற்றம்தான். ஆனால் தொண்ணூற்றொன்பதாம் நாள் குழந்தை யார் மடியில் இருக்கும் என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை.

பிரிவுத் தலைவர் பதவி வந்தபோது தயங்காமல் ஏற்றுக்கொண்டேன். இரவில் இயந்திரம் நின்றால் தொலைபேசி என்னைத்தான் எழுப்பும். கணவருக்குப் பட்டர்வொர்த்துக்கு அருகிலுள்ள பிறை நகரில் 12 மணி நேர ஷிப்ட். மகனைத் தமிழ்ப்பள்ளியில் விட்டு, மதியம் அழைத்து வந்து, சோறூட்டிப் பாடம் படிக்க வைத்தவர் அத்தைதான்.

ஒருநாள் மின்கட்டண ரசீதைத் தேடி அலமாரியைத் திறந்தபோது, அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த அத்தையின் நீரிழிவுப் பதிவேடு கையில் கிடைத்தது. அடுத்த வருகைக்கான தேதிகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றில் மூன்றுக்கு எதிரே இரத்தச் சர்க்கரை அளவு எதுவும் இல்லை. என் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்றும் தணிக்கை வாரங்கள். நான் இருட்டும்வரை தொழிற்சாலையில் இருந்த நாட்கள். காலையில் வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுக்க வேண்டிய நேரத்தில், அவர் என் மகனின் புத்தகப்பையைச் சுமந்து பள்ளி வாசலில் நின்றிருக்கிறார். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தப்பக் கூடாதில்லையா, அதான் போகல" என்றார், ஏதோ சந்தைக்குப் போகாததைச் சொல்வதுபோல.

திருத்தப்பட்ட வேலைச் சட்டத்தில், நெகிழ்வான வேலை நேரம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வழியிருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். செவ்வாயும் வியாழனும் தாமதமாக வருவதாக எழுதிக் கொடுத்தேன். செவ்வாய் மட்டும் கிடைத்தது. மறு ஆண்டு, நான் எதிர்பார்த்திருந்த மேலாளர் பதவி வேறொருவருக்குப் போனது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள், இருக்கலாம். அதற்கு நான் தகுதியானவள் என்றே இன்றும் நினைக்கிறேன். வருத்தமில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும்.

இப்போதெல்லாம் மகனைப் பள்ளியில் விடுவது செவ்வாய்க்கிழமைகளில் என் வேலை. கிளினிக் தேதியையும் அந்தக் கிழமையிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். சென்ற முறை எண் சீட்டைப் பிடித்தபடி அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. நான் எடுக்காமல் இருப்பதைக் கண்ட அத்தை, சீட்டைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, "எடுத்துப் பேசும்மா. நம்ம நம்பர் வர இன்னும் நேரமிருக்கு" என்றார்.