வீடு பார்க்க ஆள் வருமுன்: நீலகிரியில் வீடு விற்பவர்களுக்கு

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வீடு வாங்க வருகிறவர்களில் பலர் கீழேயிருந்து வருகிறவர்கள். சதுர அடி, அறைக் கணக்கு, விலை எல்லாம் புரோக்கர் போனிலேயே சொல்லியிருப்பார். நேரில் வந்து அவர்கள் தெரிந்துகொள்ளப் பார்ப்பது மூன்று விஷயம்: வெயில் விழுமா, சுவரில் ஈரம் இருக்கா, மண் நிற்குமா. வீட்டைத் தயார் செய்வது என்றால் முதலில் இந்த மூன்றுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். சோபா உறை மாற்றுவதும் பூந்தொட்டி வாங்கி வைப்பதும் அப்புறம்தான்.

ஈரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். விற்கப் போகிறோம் என்று முடிவானதும் பலர் செய்கிற முதல் வேலை, ஓதம் ஏறிய சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பது. மலையில் இது வீண் செலவு. உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் சில வாரத்திலேயே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், உப்பு பூக்கும். மற்ற மூன்று சுவரும் பழசாக இருக்க ஒரு சுவர் மட்டும் புதுசாக மின்னினால், பார்க்க வருகிறவரின் கை நேராக அங்கேதான் போகும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கல் வீடுகளுக்கு எமல்ஷன் இன்னும் ஆகாது. அந்தச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதே சரி, ஈரம் உள்ளே நிற்காமல் காய்ந்து போகும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்று புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையே நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் துளித்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், குளிர்ந்த சுவரில் பட்டுப் படிகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

சுவருக்குள்ளிருந்து வந்தால் வெளியே போய்ப் பாருங்கள். பின்பக்கத்து மண்மேடு சரிந்து வீட்டுத் தரைமட்டத்துக்கு மேல் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அதை வெட்டி இழுத்து, சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு வாய்க்கால் விட்டாலே பாதி குறையும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயில் சில்வர் ஓக் இலையும் பைன் ஊசியும் அடைத்து, மழைத் தண்ணீர் சுவர் வழியாக வழியும். ஆள் ஏற்றிச் சுத்தம் செய்ய அரை நாள் போதும். ஓட்டுக் கூரையாக இருந்தால் குரங்கு புரட்டிப் போட்ட ஓடு இரண்டு மூன்று கட்டாயம் இருக்கும். இதையெல்லாம் முடித்து, சுவர் காய நேரம் கொடுத்துவிட்டு, பொரிந்த பூச்சை மட்டும் கொத்திவிட்டுப் புதுப் பூச்சு பூசுங்கள். புது சிமென்ட் பூச்சுக்குக் கீழ்நாட்டிலேயே 28 நாள் விட்டுத்தான் பெயிண்ட் அடிப்பார்கள். இங்கே மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக விட வேண்டும். நேரமில்லை என்றால் பூச்சை அப்படியே காட்டுங்கள். "காரணம் இது, சரி செய்தாச்சு, காய்கிறது" என்று சொல்வது அவசரப் பெயிண்டைவிட நல்ல பேரம் தரும்.

அறைக் காற்றின் ஈரம் என்றால் வேலை சுலபம். வெளிச்சுவரோடு ஒட்டிய பீரோ, கட்டில், புத்தக அலமாரி எல்லாவற்றையும் ஆறு அங்குலம் தள்ளி வையுங்கள். பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால், முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி திரவ பிளீச் கலந்து தடவி, பத்து நிமிஷம் விட்டுத் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுச் செய்யுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சையும் எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது, வருகிற புகை நுரையீரலைப் பிடித்துவிடும். ஈரம் ஏறிய பாய், மெத்தை, பழைய கம்பளி, அட்டைப் பெட்டிகளை வீட்டை விட்டே வெளியேற்றுங்கள். முக்கால்வாசி வாடை அவற்றிலிருந்துதான் வருகிறது. நீலகிரித் தைலம் தெளிப்பதும் ரூம் ஸ்பிரே அடிப்பதும் வேண்டாம். எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வரும்.

மறைக்காமல் இருப்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. சொத்து மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 55: வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத, விற்கிறவருக்குத் தெரிந்த முக்கியமான குறைகளைச் சொல்லிவிட வேண்டியது விற்கிறவர் கடமை. பத்திரத்தில் இருக்கும் குறைக்கும் இது பொருந்தும். பெயிண்டுக்குப் பின்னால் இருக்கிற விரிசல் பிற்பாடு வழக்காக வரலாம்.

பூட்டிக் கிடக்கிற வீடு என்றால் பார்ட்டி வருவதற்கு இரண்டு நாள் முன்பே திறந்துவிடுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மூடுபனி ஏறுமுன் மூடிவிட வேண்டும். மாலை வரை திறந்து விட்டால் பனிக்காற்றின் ஈரத்தைத்தான் உள்ளே வாங்கிக்கொள்கிறோம். வீட்டைச் சூடாக்க கேஸ் ஹீட்டர் வைப்பது பலர் வழக்கம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேர்கிறது. சூடாகத் தெரியும், ஆனால் அன்று ராத்திரியே கண்ணாடியிலும் மூலைச் சுவரிலும் அது துளித்து நிற்கும். கரண்ட் ஹீட்டர் அல்லது விறகு எரியும் ஃபயர்பிளேஸ்தான் சுவரை உலர்த்தும். கரி அடுப்பை அறைக்குள் கொண்டு வரவே கூடாது. மூடிய அறையில் அதன் புகை ஆளைக் கொன்றுவிடும்.

ஃபயர்பிளேஸ் இருக்கிற வீடா? அதுதான் உங்கள் வீட்டின் பெரிய ஈர்ப்பு. எரியாத ஃபயர்பிளேஸோ அதுவே பெரிய கெட்ட பெயர். பார்ட்டி வந்து நிற்கும்போது முதன்முதலாகப் பற்ற வைத்தால், அறை முழுக்கப் புகை கவிந்து எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டியிருக்கும். புகைப்போக்கிக்குள் குளிர்ந்த காற்று கனத்து நிற்பதால் புகை மேலே போகாமல் திரும்பி வருகிறது. ஒரு வாரம் முன்பே குருவிக்கூடும் கரியும் இல்லாமல் சுத்தம் செய்ய வையுங்கள். அன்று காலை, புகைப்போக்கியை மூடுகிற மேல் தகடு திறந்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு செய்தித்தாளை முறுக்கிப் பற்றவைத்துப் புகைப்போக்கியின் வாய்க்கு அருகே ஒரு நிமிஷம் பிடியுங்கள். தீநாக்கு மேலே இழுபடத் தொடங்கியதும் சிறு சுள்ளி, அப்புறம் விறகு. சீகை (வாட்டில் மரம்) நன்றாக எரியும், ஆனால் போன மாதம் வெட்டிய பச்சை விறகு புகையத்தான் செய்யும். கூரைக்கடியில் ஒரு கோடையாவது காய்ந்ததாக இருக்கட்டும். ஒரு மணி நேரம் முன்னால் பற்றவைத்தால் அவர்கள் வரும்போது தணல் பிடித்திருக்கும்.

அடுத்தது வெயில். வீடு காட்ட நல்ல நேரம் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறினால் நீங்கள் சொல்கிற காட்சி எதுவும் தெரியாது. தெற்குப் பார்த்த சரிவில் வீடு இருந்தால் அதை எடுத்துச் சொல்லுங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, உச்சி வேளையிலும் 55 டிகிரி உயரத்துக்குத்தான் வரும். அதனால் குளிர் அதிகமான நாட்களில் தெற்குச் சரிவுக்குத்தான் நல்ல வெயில். வடக்குச் சரிவு வீடுகள் மேலே குன்று மறைத்தால் காலை வெகுநேரம் உறைபனியோடு கிடக்கும். வடக்குச் சரிவுதான் உங்களுடையது என்றால், எந்த அறையில் எத்தனை மணிக்கு வெயில் வரும் என்று குறித்து வைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்லுங்கள்.

காட்சியை மறைக்கிறது என்று வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் மரத்தை வெட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 படி சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில்லாமல் வெட்டிய புது அடிக்கட்டை வாங்க வருகிறவர் கண்ணில் படாமல் போகாது.

மண் நிற்குமா என்ற கேள்வி 2009 நவம்பர் மண்சரிவுகளுக்குப் பிறகு அதிகமாகிவிட்டது, அது நியாயமான கேள்வியும்கூட. தடுப்புச் சுவரைச் சுற்றி வளர்ந்த உண்ணிச்செடியை வெட்டி, சுவர் முழுதும் தெரியும்படி வையுங்கள். சுவரில் தண்ணீர் வடிய விட்ட துளைகளை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். மண்ணோ வேரோ அடைத்திருக்கும். அடைத்த துளைக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கிச் சுவரை முன்னால் தள்ளுகிறது. சுவர் வயிறு தள்ளி நிற்பது பெரும்பாலும் இதனால்தான். மழை விட்ட மறுநாள் துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது வேலை செய்கிற சுவரின் அடையாளம். பயந்துபோய் அதை சிமென்ட் வைத்து அடைக்கிறவர்கள் சுவரையே கெடுக்கிறார்கள்.

ரோட்டிலிருந்து வீட்டுக்குப் படி இறங்க வேண்டுமென்றால் எத்தனை படி என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் காரில் வந்துவிட்டு வாசலிலேயே திரும்பிப் போவது இருபக்கமும் சங்கடம். பாசி பிடித்த படியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். நடைபாதை பக்கத்து நிலம் வழியாகப் போனால் பாதைப் பாத்தியதை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள், முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

வருகிறவர்களுக்கு வழியையும் நேரத்தையும் சொல்வது உங்கள் பொறுப்பு. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் சனி, ஞாயிறு வேண்டாம், செவ்வாய் புதனாகப் பாருங்கள். மைசூர் வழி வருகிறவர்களுக்கு பந்திப்பூர் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை அடைப்பு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று பார்த்துக்கொண்டு தேதி கொடுங்கள், ஹீட்டரும் மோட்டாரும் அன்று ஓடாது. சாயங்காலம் ஐந்துக்கு மேல் தோட்டத்தைச் சுற்றிக் காட்ட வேண்டாம். காட்டுமாடும் கரடியும் வெளியே வருகிற நேரம் அது. குப்பைத் தொட்டியையும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் ஜக்கிலும் டம்ளரிலும் வையுங்கள், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை என்பது கீழேயிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

தண்ணீர் எப்போது வருகிறது, தொட்டி எத்தனை லிட்டர் என்பதை எழுதி ஒட்டிவைத்தாலும் தப்பில்லை. மேல்தொட்டி நிரம்பியிருக்கட்டும், கீசர் அரை மணி நேரம் முன்பே போட்டிருக்கட்டும். குழாயைத் திறந்து பார்க்காமல் யாரும் போக மாட்டார்கள்.

வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. அவர்கள் வீட்டைக் கலைத்து வைத்துக்கொண்டு முகம் சுளித்தால் விலை இறங்குவது உங்களுக்குத்தான். ஒரே நாளில் இரண்டு மூன்று பார்ட்டியை அடுத்தடுத்து வரச் சொன்னால் அவர்களுக்கும் தொல்லை குறையும்.

காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு மேஜை மேல் வையுங்கள்: பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், சொத்து வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி. கட்டட அனுமதிதான் இப்போது முதலில் கேட்கப்படுகிறது. கொடைக்கானலில் அனுமதி மீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவில் சீல் வைத்தது எல்லாருக்கும் தெரிந்த சேதி. கூடலூர், பந்தலூர் பக்கம் என்றால் பிரிவு 17 நிலமா (ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமைச் சிக்கல் உள்ள நிலமா) என்பதற்கும் பதில் கையில் வேண்டும். எல்லாம் ஜெராக்ஸ்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள். ஆதார் நகலை அதில் சேர்க்காதீர்கள். அசல் பத்திரத்தை வக்கீலிடம் காட்ட வேண்டும் என்று கேட்டால், நீங்களே எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்துக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள்.