ஏழாவது சுற்று

"ரேகரை எடுத்தாரே, அதை மறந்துட்டியா?"

காலை ரயிலில் எதிர் இருக்கைப் பெரியவர் பேரனிடம் ஆங்கிலத்தில் பொரிந்துகொண்டிருந்தார். இருவர் தலையிலும் பச்சைத் தொப்பி.

பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பொது மேலாளர் ஹோவி ரோஸ்மனைப் பற்றித்தான். 2020 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 21-வது ஆளாக ஜேலன் ரேகரை எடுத்தார். அடுத்த வாய்ப்பிலேயே ஜஸ்டின் ஜெஃபர்சனை மினசோட்டா அணி கொண்டுபோனது; அவர் பெரிய நட்சத்திரமாகிவிட்டார். இந்த ஊருக்கு அது ஆறாத புண்.

"அதே வருஷம் ஹர்ட்ஸை எடுத்தது யாரு தாத்தா? பார்க்லியைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

நியாயம்தானே! ஜேலன் ஹர்ட்ஸ் பின்னாளில் எங்கள் ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக் ஆனார். 2024இல் ஒப்பந்தமான சாக்வான் பார்க்லி அந்த சீசனிலேயே 2,005 யார்டு ஓடினார். சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் கான்சஸ் சிட்டி அணியை 40-22 என்று வீழ்த்தினோம்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தார். பிறகு ஒரே ஒரு பெயர் சொன்னார்.

"மைலாட்டா."

எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடாதவரை 2018 டிராஃப்டின் ஏழாவது, அதாவது கடைசிச் சுற்றில், 233-வது ஆளாக எடுத்தார்கள். 2021இல் அவர் இடது டேக்கிள் (குவார்ட்டர்பேக்கை இடப்பக்கம் காக்கும் ஆள்) இடத்தைப் பிடித்தது யாரைத் தள்ளிவிட்டு? ரோஸ்மன் 2019இல் முதல் சுற்றில் எடுத்த ஆண்ட்ரே டில்லார்டை!

இதை யார் கணக்கில் எழுதுவது? கண்டெடுத்தவர் கணக்கிலா, ஒன்றும் தெரியாத பையனை அடி அடியாகப் பழக்கிய பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் கணக்கிலா? என்னைக் கேட்டால் பாதிக்கு மேல் ஸ்டவுட்லண்டுக்குத்தான். டிராஃப்ட் இரவோடு மதிப்பெண் போட்டு முடித்துவிடுகிறோம். பிறகு நடக்கும் வருடக்கணக்கான வேலையை யார் பார்க்கிறார்கள்?

இறங்கும்போது பெரியவர் மறுபடி ஆரம்பித்தார்.

"இருந்தாலும் ஜெஃபர்சன்..."

எனக்கும் அது இன்னும் வலிக்கிறது ஐயா.