போனில் ஆங்கிலம் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

நேரில் பேசினால் ஓரளவு புரிகிற ஆங்கிலம், போனில் வந்தால் மட்டும் தலைசுற்ற வைக்கும். ஆங்கிலம் கற்கிற பலரும் இதற்குத் தங்களையே நொந்துகொள்வார்கள். தேவையே இல்லை, பாதிப் பழி தொலைபேசியைத்தான் சேரும்.

1876இல் பெல் காப்புரிமை வாங்கிய கருவி அது. பின்னாளில் பரவிய வழக்கமான இணைப்புகள் சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவு) வரையிலான ஒலியை மட்டுமே கடத்தின. எஸ், எஃப் இரண்டையும் பிரித்துக் காட்டும் உரசல் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால் இரண்டும் காதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதே கதிதான், ஆனால் அவர்கள் முன்பின் பேச்சை வைத்துச் சட்டென்று ஊகித்துவிடுவார்கள், நமக்கு அந்த வேகம் வர நாளாகும், போதாக்குறைக்கு எதிரில் பேசுபவரின் வாயசைவும் தெரியாது. விமானிகள் ஏ, பி, சி எழுத்துகளை ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்று சொல்வதும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ போனில் சொல்லும்போது நீங்களும் அப்படியே சொல்லலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எச்டி அழைப்புகள், அதாவது ஒலித்தரம் கூடிய அழைப்புகள், சுமார் 7000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கொண்டுவருகின்றன. வசதி இருந்தால் அதில் பேசுங்கள்.

அப்புறம், காதைப் பழக்க வானொலி. அமெரிக்க அரசின் வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல், சுமார் 1500 சொற்களை மட்டும் வைத்து மெதுவாக வாசிக்கும் ஒலிபரப்பைத் தொடங்கியது. இன்று யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்தால் போதும். சப்டைட்டிலை மட்டும் முதல் தடவை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் கண் படித்துக்கொண்டே போகும், காது சும்மா இருக்கும்.